மரத்தடி ஏன் தரிசாகக் கிடக்கிறது?

உங்க தோட்டத்துல, கிணத்து மேட்டுப் பக்கமா ஒரு பெரிய புளிய மரம் நிக்குதுன்னு வெச்சுக்குவோம். தாத்தா காலத்து மரம். அதன் நிழல் விழுகிற இடம் மட்டும் மூணு நாலு சென்ட் இருக்கும். அங்கே கடலை போட்டால் கொடி நீளுகிறதே தவிர காய் பிடிப்பதில்லை. மிளகாய் நட்டால் ஒல்லியாக நெட்டுவிட்டு, தை மாசத்துக்குள்ளே காய்ந்து போகிறது. கத்திரியும் அதே கதிதான். அடுத்தபடியாக என்ன நடக்கும்? சூளைக்கு விறகு வாங்குகிறவர் வருவார். மரத்தைச் சுற்றிப் பார்த்து ஒரு விலை சொல்லுவார். ‘கீழே ஒண்ணும் வராத மரம்தானே’ என்று வீட்டில் பேச்சு வரும். நூறு வருஷத்து மரம் இரண்டு நாளில் இல்லாமல் போகும்.

வெட்டுவதற்கு முன்னால் ஒரு கேள்வி கேட்க வேண்டும் இல்லீங்களா? மரத்தடியில் பயிர் வராததற்கு உண்மையான காரணம் என்ன? நிழலா? மரம் விடுகிற விஷமா? இல்லை, வேறு ஏதாவதா? இந்தக் கேள்வி நமக்கு மட்டும் வந்ததில்லை. இரண்டாயிரம் வருஷமாகப் பல தேசத்து ஆட்கள் இதைக் கேட்டிருக்கிறார்கள். சரியான பதில் கிடைக்கத்தான் வெகு நாள் ஆயிற்று.

முதலில் சொன்ன காரணம் விஷம். ரோமாபுரியில் பிளினி என்று ஓர் அறிஞர் இருந்தார். கி.பி. 79-ல் வெசூவியஸ் எரிமலை வெடித்தபோது இறந்து போனவர். மரம், செடி, விலங்கு, உலோகம் என்று உலகத்தில் உள்ள எல்லாவற்றையும் பற்றி அவர் ஒரு பெரிய நூல் எழுதி வைத்தார். அக்ரூட் மரத்தின் நிழல் கனத்த நிழல், அதன் பக்கத்தில் நட்டது எதுவும் உருப்படாது, மனிதனுக்கும் தலைவலி வரும் என்று அதிலே எழுதியிருக்கிறார். நம்ம ஊரிலும் இப்படித்தானே சொல்வாங்க? ராத்திரியில் புளிய மரத்தடியில் படுக்காதே என்று பெரியவங்க சொல்வதைக் கேட்டு வளர்ந்தவர்கள்தான் நாம் எல்லோரும்.

இதை மூட நம்பிக்கை என்று ஒரேயடியாகத் தள்ளிவிடவும் முடியாது. 1928-ல் அமெரிக்காவில் டேவிஸ் என்பவர், கறுப்பு அக்ரூட் மரத்தில் ஜுக்லோன் என்று ஒரு பொருள் இருப்பதையும், அது தக்காளி போன்ற செடிகளை வாட வைக்கிறது என்பதையும் காட்டினார். புளியைப் பற்றியும் 2003-ல் ஜப்பானில் ஆராய்ந்து எழுதியிருக்கிறார்கள். புளிய மரத்து வேரில் உள்ள சில பொருள்கள் மற்ற பயிர்களின் முளையை ஒடுக்கும் தன்மை உள்ளவை என்று அதில் தெரிந்தது. ஆக, பிளினி சொன்னதில் கொஞ்சம் உண்மை உண்டு. ஆனால் வேம்படியில், மாவடியில், வாகையடியில், ஏன், அரச மரத்தடியில் கூடத்தான் மிளகாய் வருவதில்லை. எல்லா மரத்துக்குமா விஷம் இருக்கும்?

அடுத்து வந்த காரணம் நிழல். இது ஐரோப்பிய வனத்துறைக்காரர்கள் சொன்னது. ஜெர்மனியில் குஸ்டாவ் ஹையர் என்பவர் 1852-ல் ஒரு புத்தகம் எழுதினார். மரங்களில் வெளிச்சம் கேட்கிற ஜாதி ஒன்று, நிழலைத் தாங்குகிற ஜாதி ஒன்று என்று பிரித்து வைத்தார். பெரிய மரத்தடியில் கன்று தேறவில்லை என்றால் வெளிச்சம் போதவில்லை என்று பொருள், அவ்வளவுதான். கேட்கிறவர்களுக்கும் இது பொருத்தமாகவே பட்டது. பயிர் வெளிச்சத்தில்தானே வளர்கிறது? ஐம்பது வருஷம் வனக்கல்லூரிகளில் இதைத்தான் சொல்லிக் கொடுத்தார்கள்.

மண்வெட்டி சொன்ன சாட்சி

1904-ல் அதே ஜெர்மனியில் கார்ல் ஃப்ரிக்கே என்ற வனத்துறைப் பேராசிரியர் ஒரு காரியம் செய்தார். பெரிய விஞ்ஞானக் கருவி எதுவும் அவருக்கு வேண்டியிருக்கவில்லை. வறண்ட மணல் காட்டில், பைன் மரங்களுக்கு அடியில் சவலைப் பிள்ளை போல நின்று கொண்டிருந்த சின்னக் கன்றுகளைத் தேர்ந்தெடுத்தார். அவற்றைச் சுற்றிக் குழி வெட்டி, பெரிய மரங்களிலிருந்து வருகிற வேர்களை எல்லாம் அறுத்து விட்டார். மேலே ஒரு கிளையைக் கூடக் கழிக்கவில்லை. நிழல் அப்படியே இருந்தது. வெளிச்சம் கடுகளவும் கூடவில்லை.

என்ன ஆயிற்று தெரியுமா? சவலைக் கன்றுகள் தெம்பாகக் கிளம்பின. வெறுமையாக இருந்த தரையில் புல் பூண்டு முளைத்தது. மண்ணை எடுத்துப் பார்த்தால், வேர் அறுத்த இடத்தில் ஈரம் அதிகம். ஆகக் கன்றுகளை வாட்டியது நிழல் இல்லை, பெரிய மரத்து வேர் குடித்துவிட்ட தண்ணீர்தான் என்று அவர் சொன்னார். வெளிச்ச மரம், நிழல் மரம் என்று பிரிப்பதற்கே ஆதாரம் கிடையாது என்று கட்டுரையின் தலைப்பிலேயே ஒரு போடு போட்டார். மனிதருக்குக் கோபம் கொஞ்சம் அதிகம் போல.

பிறகு அமெரிக்காவில் ஏல் பல்கலைக்கழகத்து வனப்பள்ளியைச் சேர்ந்த ஜேம்ஸ் டூமி என்பவர் 1922-ல் நியூஹாம்ப்ஷயர் மாநிலத்தில், கீன் என்ற ஊர்ப்பக்கம் இதே சோதனையைச் செய்தார். அடர்ந்த பைன் காட்டில் தரை ஏறக்குறைய வெறுமையாகக் கிடந்த ஒரு சிறு சதுரத்தைச் சுற்றி வாய்க்கால் வெட்டி, வேரை அறுத்து, மண்ணை மறுபடி தள்ளி மூடினார். பக்கத்திலேயே இன்னொரு சதுரத்தைத் தொடாமல் விட்டார். அறுத்த வேர் திரும்ப உள்ளே நுழைந்து விடும் என்பதால் அவ்வப்போது மறுபடியும் வெட்ட வேண்டியிருந்தது. எட்டு வருஷம் பொறுத்துப் பார்த்தார்கள். வேர் அறுத்த சதுரத்தில் கன்றும் செடியும் நெருக்கமாக மண்டிக் கிடந்தன. தொடாத சதுரம் முன்பு போலவே வெறுந்தரையாக இருந்தது. இரண்டுக்கும் மேலே ஒரே நிழல்! டூமியும் அவரோடு வேலை பார்த்த கீன்ஹோல்ஸும் 1931-ல் இதை எழுதி வெளியிட்டார்கள்.

அப்படியானால் வெளிச்சம் ஒரு பொருட்டே இல்லையா என்றால், அதுவும் சரியில்லை. ஃப்ரிக்கே ஒரு கோடிக்குப் போய்விட்டார். 2000-ல் கூம்ஸ், கிரப் என்ற இருவர், அதுவரை உலகம் முழுவதும் நடந்த இப்படிப்பட்ட குழிச் சோதனைகளை எல்லாம் சேர்த்து வைத்துப் பார்த்தார்கள். ஈரமும் சத்தும் உள்ள மண்ணில் வெளிச்சம்தான் தடை. வறண்ட மண்ணில், சத்தில்லாத மண்ணில், வேர்ப் போட்டிதான் பெரிய தடை. இப்படித்தான் கணக்கு வந்தது. நம்ம புன்செய் எந்தப் பக்கம் சேரும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

இதில் மழைச் சங்கதியும் ஒன்று உண்டு. சித்திரையில் இரண்டு மூன்று மில்லிமீட்டர் தூறல் விழுந்தால், வெளி நிலத்தில் மண் வாசனையாவது வரும். அடர்ந்த புளிய மரத்தடியில் அதுவும் கிடையாது. அந்தத் தண்ணீரை எல்லாம் இலையே பிடித்து வைத்துக் கொள்ளும், வெயில் வந்ததும் காற்றோடு போய்விடும். மேலே பாதி வழியில் நின்று போகிறது, கீழே வந்த மிச்சத்தை வேர் குடித்து விடுகிறது. பயிருக்கு என்ன மிஞ்சும்?

தென்னைக்குக் கணக்குப் போட்டார்கள்

எல்லா மரத்து வேரும் ஒன்று போல் பரவுவதில்லை. இதைப் பார்த்துத்தான் தென்னைக்கு வழி பிறந்தது. காசர்கோட்டில் 1916-லேயே, அது சென்னை மாகாணத்தின் தென் கன்னட ஜில்லாவில் இருந்த காலத்தில், தென்னை ஆராய்ச்சி நிலையம் ஏற்படுத்தினார்கள். 1970-ல் அது மத்திய தோட்டப்பயிர் ஆராய்ச்சி நிலையம் ஆயிற்று. அங்கே வளர்ந்த தென்னைகளின் வேரைத் தோண்டி எண்ணிப் பார்த்தார்கள். நன்றாகப் பராமரித்த மரத்தில், நூற்றுக்கு 74 வேர்கள் அடிமரத்திலிருந்து இரண்டு மீட்டருக்கு, அதாவது ஆறரை அடிக்கு, அப்பால் போகவில்லை. ஏழரை மீட்டர் இடைவெளியில் நட்ட தோப்பில், ஒரு மரத்துக்கு 56 சதுர மீட்டர் நிலம் வருகிறது. அதில் வேர் ஆள்கிற இடம் சுமார் 12½ சதுர மீட்டர்தான். நூற்றுக்கு 22 பங்கு நிலத்தைத்தான் தென்னை பிடித்திருக்கிறது, மிச்சம் சும்மா கிடக்கிறது என்று தெரிந்தது.

வெளிச்சக் கணக்கும் போட்டார்கள். எட்டு வயதிலிருந்து இருபத்தைந்து வயது வரை தோப்பு இருட்டு. அதன் பிறகு மரம் உயர உயர, ஓலைக்கு நடுவே வெயில் இறங்குகிறது. இந்த இரண்டு கணக்கையும் வைத்து, 1974-ல் நெல்லியாட்டும் அவரோடு இருந்தவர்களும் அடுக்குப் பயிர் முறையை எழுதினார்கள். மேலே தென்னை, தண்டில் மிளகுக் கொடி, நடுவில் கோகோ, தரையில் அன்னாசி. இன்றைக்குப் பொள்ளாச்சி, ஆனைமலைப் பக்கத்துத் தோப்புகளில் கோகோவும் ஜாதிக்காயும் நிற்கிறதைப் பார்த்திருப்பீர்கள். அதற்குப் பின்னால் இந்த வேர்க் கணக்கு இருக்கிறது.

ஆனால் ஒன்றை மறந்துவிடக் கூடாது. பொள்ளாச்சித் தோப்புக்குத் தண்ணீர் பாய்கிறது. மானாவாரிப் புளிக்கும் வேம்புக்கும் இந்தக் கணக்கு அப்படியே ஒட்டாது. அவற்றின் வேர் நிழலின் விளிம்பைத் தாண்டி வெகுதூரம் போகும். கோகோ செடியைக் கொண்டு போய் மானாவாரிப் புளியடியில் நட்டால், பங்குனி தாங்காது.

காய்ந்த நிழலுக்கு எது ஒத்து வரும்?

வறண்ட நிழலில் எது வாழும் என்பதற்கு நம்ம சீமையிலேயே பழைய சாட்சி இருக்கிறது. ஒன்று கோவில் காடு. சோழமண்டலக் கரையில், புதுச்சேரிக்கு வடக்கே புத்துப்பட்டு போன்ற ஊர்களில், யாரும் கத்தி வைக்காத காடுகள் இன்னும் நிற்கின்றன. வருஷத்தில் ஆறு மாதம் மழை இல்லாத இடம். ஆனாலும் அங்கே மரத்தடி வெறுமையாக இல்லை. குருந்து, கொஞ்சி போன்ற குத்துச் செடிகளும், தரையோடு மருளும் இருக்கின்றன. கோவில் காட்டுக்குள் போகிறவர்கள் சாமி கும்பிட்டுவிட்டு ஒரு நிமிஷம் தரையையும் பார்க்கலாம்.

மருள் என்றால் தெரியும்தானே? கத்தி மாதிரி நிமிர்ந்து நிற்கும், குறுக்கே கரும்பச்சைக் கோடு போட்ட இலை. பழைய காலத்தில் வில்லுக்கு நாண் இதன் நாரில்தான் திரித்தார்கள். வடமொழியில் மூர்வா என்று பெயர். வடசர்க்கார் சாமல்கோட்டையில் செடிகளை ஆராய்ந்து கொண்டிருந்து, 1793-ல் கல்கத்தா தாவரத் தோட்டத்துக்குப் போன ராக்ஸ்பர்க் துரை இந்த நாரைப் பற்றி ஆராய்ந்து எழுதினார். பின்னால் வந்தவர்கள் அந்தச் செடியின் சாஸ்திரப் பெயரிலேயே அவர் பெயரைச் சேர்த்துவிட்டார்கள். மருள் வறட்சியைத் தாங்குவதற்குக் காரணம் உண்டு. மற்ற செடிகள் பகலில் இலைத் துவாரத்தைத் திறந்து மூச்சு வாங்கும். அப்போது தண்ணீரும் ஆவியாகப் போகும். மருள் ராத்திரியில் திறக்கிறது, பகலில் மூடிக் கொள்கிறது. சோற்றுக் கற்றாழையும் அப்படித்தான். குடத்தை மூடி வைத்துக் கொண்டு குடும்பம் நடத்துகிற செடிகள் இவை. புளியடிக்குக் கூடத் துணிந்து வைக்கலாம். ஒரே ஒரு சங்கடம், விளைவு மெதுவாகத்தான் வரும்.

இன்னொரு சாட்சி கொங்கு நாட்டுக் கொரங்காடு. காங்கயம், தாராபுரம், மூலனூர், கரூர்ப் பக்கத்து ஆட்களுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். சுற்றிலும் முள்கிளுவை உயிர்வேலி. உள்ளே அங்கங்கே வெள்வேல மரம். தரையில் கொழுக்கட்டைப் புல். வருஷத்துக்குச் சுமார் 600 மில்லிமீட்டர் மழைதான். காங்கயம் மாடு இந்தப் புல்லைத் தின்று வளர்ந்த மாடு. வெள்வேல் மரத்தை அடர்த்தியாக விடமாட்டார்கள். அதன் இலையும் பொடி இலை, வெயிலை முழுக்க மறைக்காது. காய் உதிர்ந்தால் ஆடு தின்னும், நிழலில் மாடு படுக்கும், சாணம் அங்கேயே விழும். இதே கொழுக்கட்டைப் புல்லை ஆஸ்திரேலியாவிலும் மேய்ச்சலுக்கு விதைத்தார்கள். குயின்ஸ்லாந்துப் பக்கத்து வறண்ட நிலத்தில் அது மரத்தடியிலேதான் முதலில் பிடித்தது. மரத்தடி மண்ணில் மணிச்சத்து கூடுதலாக இருந்ததே காரணம் என்று கண்டுபிடித்தார்கள். மரம் தண்ணீரை எடுக்கிறது, ஆனால் இலைச் சத்தைத் திருப்பிக் கொடுக்கிறது. வேம்பு, வெள்வேல் மாதிரி இடைவெளி விட்டு நிற்கிற மரங்கள் உங்களிடம் இருந்து, ஆடு மாடும் இருந்தால், கடலை மிளகாய் ஆசையை விட்டுவிட்டுப் புல்லைப் போடுங்க என்பதுதான் என் அபிப்பிராயம்.

மாந்தோப்பு வைத்திருப்பவர்களுக்குச் சேனைக்கிழங்கு. இது தந்திரக்காரப் பயிர். கோடை மழையை ஒட்டிச் சித்திரை, வைகாசியில் நட்டால், மழைக் காலம் முழுவதும் ஒரே குடை மாதிரி இலை விரித்து, தை மாசத்தில் தண்டு சாய்ந்துவிடும். அதாவது மரமும் மண்ணும் கடுமையாகத் தாகத்தில் இருக்கிற மாசி, பங்குனியில் அது தரைக்கு மேலே இருக்கவே இருக்காது. கிழங்கை எடுத்தாலும் சரி, எடுக்காமல் விட்டாலும் சரி, தூங்கிக் கொண்டிருக்கும். கூவைக்கிழங்கும் மஞ்சளும் இதே குணம் உள்ளவை, ஆனால் மஞ்சளுக்கு ஈரம் கூட வேண்டும். மழை குறைந்த வருஷத்தில் அது ஏமாற்றிவிடும். எதுவானாலும் அடிமரத்தை ஒட்டி நட வேண்டாம். இரண்டு மரத்தின் கிளை முடிகிற இடைவெளியில் குழி எடுத்து, தொழு உரமும் சருகும் போட்டு நட வேண்டும்.

கொடிகள் வேறு வழியில் பிழைக்கின்றன. சீந்தில், பிரண்டை, கோவை ஆகியவற்றை நிழலுக்கு வெளியே, வேலியோரம் வேரூன்ற விட்டுக் கிளையில் ஏற்றி விடலாம். தண்ணீர்விட்டான் கொடிக்கு மண்ணுக்குள்ளே தண்ணீர்க் கிழங்கு கொத்துக் கொத்தாக இருக்கிறது, பெயரிலேயே தெரிகிறது. நிலவேம்பு மழைக் காலத்தில் மர நிழலில் தானாகவே தழைக்கும். ஆடாதோடையை ஆடு தொடாது. இந்த மருந்துச் செடிகளை நட்டால் லாபம் கொட்டும் என்று சிலர் வந்து சொல்வார்கள். வாங்குகிற ஆளைப் பார்த்து, விலை பேசிய பிறகு நாற்று வாங்குங்க. அதுவரை வீட்டு வைத்தியத்துக்கு ஆளுக்கு நாலு செடி போதும்.

கடைசியாக, ஃப்ரிக்கே செய்த சோதனையை உங்க மரத்தடியிலேயே நீங்கள் செய்து பார்க்கலாம். ஒரு ஆள், அரை நாள், ஒரு கடப்பாறை, ஒரு மண்வெட்டி போதும். புரட்டாசியில், மழை பிடிக்கும் முன்னால், கிளை முடிகிற விளிம்பில் ஒரு பக்கமாக மட்டும் நாலடிச் சதுரம் குறித்துக் கொள்ளுங்கள். சுற்றி இரண்டடி ஆழத்துக்குக் குறுகலாக வெட்டி, குறுக்கே வருகிற மெல்லிய வேர்களை அறுத்துவிட்டு மண்ணைத் தள்ளி மூடுங்கள். மணிக்கட்டுப் பருமன் உள்ள வேரைத் தொடக் கூடாது. மரத்தைச் சுற்றி நாலு பக்கமும் வெட்டவே கூடாது, காற்றுக்குச் சாய்ந்துவிடும். பக்கத்தில் வெட்டாத ஒரு சதுரம் இருக்கட்டும். இரண்டிலும் ஒரே நாளில் ஒரே விதையைப் போடுங்கள். தையில் பார்த்தால், வெட்டிய சதுரத்தில் பயிர் நிமிர்ந்திருக்கும், வெட்டாததில் வாடியிருக்கும் என்றால் உங்க மரத்தடிக்கு வேண்டியது தண்ணீரும் தண்ணீரைச் சிக்கனம் பண்ணுகிற செடியும். இரண்டிலும் ஒன்று போலவே நெட்டி வெளுத்திருந்தால், அங்கே வெளிச்சம்தான் குறைவு. தாழ்ந்த கிளை இரண்டைக் கழித்துவிட்டு, அடுத்த மழைக்கு மறுபடி விதைத்துப் பாருங்கள். வேர் ஓரிரண்டு வருஷத்தில் திரும்பி வந்துவிடும் என்பதால், வெட்டிய சதுரத்தில் போட்ட பயிர் அடுத்த வருஷமும் அப்படியே வரும் என்று கணக்குப் போட்டுவிட வேண்டாம்.